கேள்விக்குறிக்கு எண் கிடையாது

திங்கட்கிழமை காலை பெண்கள் வாட்டுக்குப் போன கலாராணி, எடுக்க வந்த டிக்கட் கட்டை எடுக்காமல் பதினான்காம் கட்டிலருகே போய் நின்றாள். அதில் கிடந்தவள் அவளுடைய தம்பி பெண்சாதி துஷாந்தினி. சனிக்கிழமை சேர்த்திருந்தார்கள். ஏழு மாதக் குழந்தை விதுஷா தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கியது. தாயும் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையணை உறையில் ஒரு ரூபாய்க் காசளவு இரத்தம் காய்ந்து கிடந்தது.

டிக்கட் என்றால் கட்டிலில் தொங்கும் அட்டை. ஆள் சேர்ந்த நாளிலிருந்து வீடு போகிறவரை டொக்டர்மார் எழுதுவதெல்லாம் அதில்தான். ஆள் போன பிறகு அது பதிவறைக்கு வரும். அங்கேதான் கலாராணிக்கு வேலை. கடைசியில் எழுதியிருக்கும் நோயின் பெயரைத் தடித்த புத்தகத்தில் தேடி, அதற்குரிய ஓர் எழுத்தையும் இலக்கத்தையும் போட வேண்டும். ஈறு வீங்கினால் கே-05. இரும்புச்சத்துக் குறைந்தால் டி-50. பதினொரு வருடமாகப் போடுகிறாள். ஆனால் ஆள் கட்டிலில் கிடக்கும்போதே டிக்கட்டைத் தொட அவளுக்கு அதிகாரம் இல்லை.

தாதி மிஸ்மார் இரண்டு பேரும் மருந்து வண்டியோடு வாட்டின் மறுகோடியில் நின்றார்கள். கலாராணி டிக்கட்டை எடுத்தாள்.

இரண்டு மாதமாக ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே கன்றிப்போன நீலம். கால்வலி, நடக்க முடியவில்லை. உடம்பில் இரத்தம் பாதிதான். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட இடத்தில், எல்லாம் சாப்பிடுகிறார், குறையில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இரத்தப் புற்றுநோய். இரத்தம் சோதனைக்குப் பதுளைக்குப் போயிருக்கிறது, ரிப்போட் வெள்ளிக்கிழமை, பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி.

டிக்கட்டைப் பழையபடி தொங்கவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்றுகூடப் பார்த்தாள். வராந்தாவுக்கு வந்த பிறகுதான், இத்தனை வருடமும் கேள்விக்குறிகளைத் தான் என்ன செய்தோம் என்பது ஞாபகத்துக்கு வந்தது. கேள்விக்குறிக்கு எண் கிடையாது. டொக்டர் கடைசிவரை சந்தேகத்தோடே விட்டிருந்தால், வேறு விவரம் எதுவும் கிடைக்காவிட்டால், சந்தேகப்பட்ட நோய் இருந்ததாகவே வைத்து எண் போட வேண்டும். விதி அதுதான். எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே போட்டிருக்கிறாள். சீ-95. அந்த எண் துஷாந்தினியின் பெயருக்கு நேரே, தன்னுடைய கையெழுத்தில், கண்ணுக்கு முன்னால் நின்றது.

தம்பி நிஷாந்த் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறவன்; வெலிமடையில் மரக்கறி லொறிக்குக் கோவா, கரட் மூட்டை ஏற்றுகிறவன். சனிக்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அக்காவைக் கண்டதும் எழும்பி, அட்டெண்டன் ஒருத்தர் மகரகம என்று பேசினாரே, அது யாருக்கு என்று கேட்டான். அந்த ஆளுக்கு எல்லாக் கட்டிலும் ஒன்றுதான், காதில் போட்டுக்கொள்ளாதே என்று இவள் சொன்னாள். அவன் அவளுடைய முகத்தையே பார்த்தான்.

"அக்கா, நா கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"எங்க?"

"லயத்துக்குத்தான். எங்க லயத்துல இருந்து மகரகம போனவங்க மூணு பேரு. மூணு பேரும் பெட்டியிலதான் வந்தாங்க."

"அவ என்ன கோவா மூட்டையா, நெனச்சா ஏத்தி நெனச்சா எறக்க?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாளை மறுநாள் வரையாவது பொறு என்று கெஞ்சிவிட்டுப் பதிவறைக்கு வந்தாள்.

பதிவறையில் கூட வேலை செய்கிறவள் றின்ஸா. வயதில் இளையவள், கேட்காமலே ஒத்தாசை செய்வாள். கலாராணி நடந்ததைச் சொல்லவில்லை. நோய்ப் பெயர்களை வரிசையாகப் போட்டிருக்கும் பெரிய புத்தகத்தை இழுத்து, ஈறு என்ற சொல்லைத் தேடி எடுத்தாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வேறு ஏதாவது ஓர் எண் கிடைக்காதா என்றுதான்.

ஈறு வீக்கம், ஈறு கசிதல், ஈறு தேய்தல். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். ஓர் இடத்தில் ஸ்கேவி என்றிருந்தது, ஈ-54. வைட்டமின் சீ இல்லாமல் போவதால் வருவது. பதினொரு வருடத்தில் அந்த எண்ணை அவள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. கொழும்பில் பயிற்சி கொடுத்த ஐயா, இது அந்தக் காலத்துக் கப்பல்காரர்களின் எண், உங்களுக்குத் தேவைப்படாது என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது.

அது எப்படி இருக்கும் என்று றின்ஸாவிடம் கைபேசியில் பார்க்கச் சொன்னாள். றின்ஸா வாசித்தாள். ஈறு வீங்கி இரத்தம் வரும். காலில் நீலம் பாயும். கால் வலிக்கும். இரத்தம் குறையும். பார்த்தால் சில சமயம் இரத்தப் புற்றுநோய் மாதிரியே தெரியும். வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருக்கு அக்கா? ஒங்க தம்பி வீட்லயா?"

கலாராணி தலையை ஆட்டினாள்.

"ஆனா இது காய் பழம் கெடைக்காதவங்களுக்குத்தான் வருமாம். ஒங்க தம்பி மரக்கறிய மூட மூடயா கொண்டாறவராச்சே."

மரக்கறி வந்தது உண்மை. வாரம் தவறாமல் லீக்ஸ், கரட், கிழங்கு வந்தது. அதை யார் தின்றார்கள் என்பதைத்தான் கலாராணி யோசித்துப் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் போகிறாள். ஒன்றாகத்தான் சாப்பிட உட்காருவார்கள். துஷாந்தினியின் தட்டு இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெறும் சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, வதக்கிய பூண்டு. பிள்ளை பெற்றவளுக்கு எந்த லயத்திலும் பத்தியம் இருக்கிறது. பச்சைக் காய் ஆகாது, பழம் ஆகாது, புளிப்பு ஆகவே ஆகாது, தாய் தின்றால் பாலில் இறங்கிக் குழந்தைக்குச் சளி கட்டும். நாற்பது நாள், மிஞ்சினால் மூன்று மாதம். துஷாந்தினி ஏழு மாதமாக விடவில்லை. அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. மாமியார் உயிரோடு இல்லை. கிழங்கு வாயு என்பாள், தக்காளி புளிப்பு என்பாள், லீக்ஸ் குளிர்ச்சி என்பாள். லயத்துப் பெண்கள் அவளைப் பற்றி, அந்தப் பிள்ளை எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று பேசினார்கள். கலாராணியும் பேசினாள்.

பிறகு ஏன் டிக்கட்டில் அப்படி எழுதியிருந்தது? அதற்கும் பதில் தெரியும். பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாது பத்தியம் என்ற பேச்சை எடுத்தாலே ஏசுவார். ஆகவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வெள்ளைச் சட்டை போட்ட யார் கேட்டாலும் தோட்டத்துப் பெண்களிடம் ஒரே பதில்தான் உண்டு: கீரை, முட்டை, பால், பழம். பரீட்சைக்குப் பாடமாக்கின மாதிரி சொல்வார்கள். கேட்பவருக்கும் திருப்தி, சொல்பவளுக்கும் தொல்லை இல்லை.

டொக்டர் தனேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருடம். அவருடைய அறை வாசலில் கலாராணி மூன்றுதரம் நின்று மூன்றுதரம் திரும்பினாள். ஒரு கிளார்க், டிக்கட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, டொக்டருக்கே நோய் சொல்லப் போகிறாள். வேலை போனாலும் போகும். நான்காம் தரம் அவரே நிமிர்ந்து பார்த்து என்ன என்றார்.

"பதினாலாம் கட்டில் என் தம்பி சம்சாரம் டொக்டர். டிக்கட்ட நா பாத்துட்டேன். பாத்தது தப்புத்தான்."

"பாத்தாச்செல்லோ. இனி என்ன, சொல்லுங்கோ."

அவள் தட்டைப் பற்றிச் சொன்னாள். ஈ-54 பற்றியும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏழு மாசமும் சோறும் கருவாடுமோ? நான் கேக்கேக்கை எல்லாம் சாப்பிடுறன் எண்டெல்லோ சொன்னவ."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க டொக்டர். நீங்க என்னயக் கேட்டிருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்."

அவர் எழுந்து அவளோடு வாட்டுக்கு வந்தார். துஷாந்தினியிடம் மறுபடி கேட்டார். அவள் கூரையைப் பார்த்தபடி கீரை, முட்டை, பால், பழம் என்றாள். எந்தப் பழம் என்றார். கொய்யா என்றாள். சொல்லும்போதே ஈறிலிருந்து கசிந்த இரத்தத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கலாராணி பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

வெளியே வந்து டொக்டர் சொன்னார், இதுதான் என்று தான் சொல்லவில்லை, மற்றதும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். விற்றமின் சீ குளுசை எழுதுகிறேன், ஒரு நாளைக்கு மூன்று தரம்.

"அதுதான் நோய் எண்டா ரெண்டு நாளிலை ரத்தம் நிக்கோணும்."

"நிக்கலேன்னா?"

"நிக்கேல்லை எண்டா ரிப்போட்டுக்கு நான் காத்திருக்க மாட்டன். மகரகமவுக்கு அனுப்பிப்போடுவன்."

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு முதல் மாத்திரை. கலாராணி கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். மிஸ் கையில் கொடுத்தார், துஷாந்தினி வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். அந்த மிடறு தொண்டையில் இறங்குவதைக் கலாராணி கண்ணால் கண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வந்து தலையணையைப் பார்த்தாள். உறை புதிதாக மாற்றியிருந்தார்கள். வெள்ளையாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்து மணிக்கு வந்தபோது அதில் சிவப்பு இருந்தது. சாயங்காலம் வந்தபோது சிவப்பு பெரிதாக இருந்தது. ஒரு நாள்தானே ஆகிறது என்று நிஷாந்திடம் சொன்னாள். அவன் எதற்கு ஒரு நாள் என்று கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களைப் பையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். புதன்கிழமை காலை துஷாந்தினி பேச வாய் திறந்தபோது பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது.

பத்து மணிக்கு டொக்டர் மாற்றல் கடிதம் எழுதினார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்புலன்ஸ். அவர் கலாராணியைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னதாகவே இருக்கவேண்டும் என்று தானும் ஆசைப்பட்டதாகச் சொன்னார். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆறுதல் சொல்லும் டொக்டர்களின் டிக்கட்டுகளில் கடைசிப் பக்கம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்களைப் பார்க்கவிட்டார்கள். நிஷாந்த் பெண்சாதியைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனான். குழந்தை நனைத்திருந்தது. கலாராணி துணியை மாற்றித் துடைத்து, பவுடர் டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். பவுடர் வரவில்லை. ஆட்டினாள். உள்ளே கற்கள் மாதிரி ஏதோ உருண்டது. மூடியைத் திருகித் திறந்து உள்ளங்கையில் தட்டினாள். பவுடர் பூசிய மாத்திரைகள். ஆறு. திங்கள் மத்தியானத்திலிருந்து இன்று காலைவரை கொடுத்தது ஒன்று குறையாமல் இருந்தது.

துஷாந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டு, நிஷாந்துக்கு முன்னால் திரும்பி வந்தாள். அண்ணியின் கையைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு மாத்திரை தெரியவில்லை, குழந்தைதான் தெரிந்தது.

"புள்ள எடுத்து வாயில போட்டுக்கலியே?"

"இல்ல. ஏன்டி இப்பிடிப் பண்ண?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த நிஷாந்தை வாசலிலிருந்தே தண்ணீர் பிடித்துவரச் சொல்லி அனுப்பினாள். அவன் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மொத மாத்திரைய நாக்குல வெச்சேன் அண்ணி. புளிச்சிச்சு."

"புளிச்சா என்ன?"

"பால் குடிக்கிற புள்ள."

"செத்துப் போயிருவடி நீ."

"தெரியும். நாளைக்கு வண்டி வருதுன்னு அவரு அழுதாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "மொதப் புள்ளய நாந்தானே கொன்னேன். இதயும் கொல்லச் சொல்றீங்களா?"

கலாராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் பிள்ளை ஆண் பிள்ளை, புகழேந்தி. இரண்டு வருடத்துக்கு முன்னால், மூன்று மாதத்தில், இதே ஆஸ்பத்திரியில்தான் போனது. சளி என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை. துஷாந்தினி இப்போது சொன்னது யாருக்கும் தெரியாத கதை. நாற்பது நாள் கழிந்துவிட்டதே என்று தைரியமாக, பதுளை டவுனில் ஒரு தோடம்பழம் வாங்கி, புளிக்கப் புளிக்கப் பஸ்ஸிலேயே உரித்துத் தின்றாளாம். ஒரு சுளையைக்கூட மிச்சம் வைக்கவில்லையாம். கையில் அந்தத் தோல் வாசம் போவதற்குள் பிள்ளைக்கு நெஞ்சு இழுத்ததாம். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏசியிருக்க மாட்டார், அதுதான் சொல்லவில்லை என்றாள்.

கலாராணி மாத்திரைகளை ஒரு துணியில் முடிந்துகொண்டு எழுந்தாள். டொக்டரிடம் போய்க் காட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். ஊசி மருந்து ஸ்டோரில் முடிந்துவிட்டது என்றார். இருந்து போட்டாலும், வீட்டுக்குப் போய் அவள் மறுபடி கருவாடும் சோறும் தின்றால் என்ன பிரயோசனம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"இண்டைக்குப் பின்னேரம் விழுங்கத் தொடங்கினா வெள்ளி ரிப்போட் வாற வரைக்கும் அம்புலன்ஸை மறிக்கிறன். ஆர் விழுங்க வைக்கிறது? நானோ நீங்களோ?"

"நா பாக்குறேன் டொக்டர்."

எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. பதிவறைக்கு வந்து றின்ஸாவின் மேசை முன்னால் நின்றாள். புகழேந்தியின் டிக்கட் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறைக்குத்தான் வந்தது. கலாராணியின் டிக்கட் கட்டுக்குள்தான் இருந்தது. பெயரைக் கண்டதும் அவளால் திறக்க முடியவில்லை. தூக்கி றின்ஸாவின் மேசையில் வைத்துவிட்டு, நீயே எண் போடு, எனக்கு ஒன்றும் சொல்லாதே என்று வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்கப் பயம்.

இப்போதும் பயம்தான். பழமோ, பாலோ, தாயின் சாப்பாடோ ஏதாவது அதில் எழுதியிருந்தால் என்ன செய்வது? அப்புறம் துஷாந்தினியின் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

றின்ஸா அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த வருடத்து டிக்கட் கட்டை இழுத்து, தூசி தட்டி, டிக்கட்டை உருவி நீட்டினாள். கலாராணி நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். றின்ஸாவின் உருண்டையான எழுத்தில் இரண்டு எண்கள். ஜே-18, நியூமோனியா. அதற்கு மேலே கியூ-21. கியூவில் தொடங்குபவை எல்லாம் பிறவியிலேயே வருபவை. டொக்டரின் எழுத்தைத் தேடினாள். பிறக்கும்போதே இதயத்தில் துவாரம், பெரியது. நுரையீரலில் நீர். அதன்மேல் நியூமோனியா. தகப்பனுக்கு விளக்கப்பட்டது என்று சிங்களத்தில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து. நிஷாந்த்.

"வீட்ல தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன் அக்கா," என்றாள் றின்ஸா. "சொல்லாதேன்னு சொன்னீங்க. அதான் கேக்கல்ல."

டிக்கட்டைப் பதிவறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கலாராணி அதை ஒரு கோப்புக்குள் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். றின்ஸா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிஷாந்த் தண்ணீர்ப் போத்தலோடு படியில் நின்றான். அவள் கோப்பைத் திறந்து கையெழுத்தைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்ததும் போத்தலைக் கீழே வைத்தான்.

"சொன்னாங்க அக்கா. பொறந்ததுல இருந்தே ஓட்டையாம்."

"அவகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா அடுத்த புள்ளைக்கும் இருக்குமோன்னு பயந்தே செத்துருவா. சளின்னா யாருக்கும் வரும்தானே." பிறகு அவசரமாகச் சொன்னான், விதுஷாவுக்கு நெஞ்சில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டேன், பதுளையில், தடுப்பூசி என்று சொல்லித்தான் தூக்கிப்போனேன், இவளுக்கு ஒன்றும் இல்லை.

கலாராணி தோடம்பழத்தைச் சொன்னாள். பவுடர் டின்னையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு பழத்துக்கா?" என்றான்.

மூன்று மணிக்கு மிஸ் மாத்திரை கொண்டுவரும் நேரம். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கட்டிலுக்கு வந்தார்கள். கலாராணி டிக்கட்டைப் படித்துச் சொன்னாள். துஷாந்தினி நம்பவில்லை. எனக்காக ஏதோ ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், எத்தனை அட்டை வேண்டுமென்றாலும் கிடைக்கும் என்றாள். கலாராணி கையெழுத்து இருந்த இடத்தை அவளுக்கு முன்னால் பிடித்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் புருஷனின் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, இது நீங்க போட்டதா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எம் பக்கத்துல ரெண்டு வருசம் படுத்திருந்தீங்களா?"

அவள் அழவில்லை. விரலால் அட்டையின் வரிகளை மேலிருந்து கீழே தடவினாள்.

"இதுல தோடம்பழம்னு எங்கயாவது இருக்கா அண்ணி?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க. தாய் என்ன தின்னான்னு?"

"ஒரு எடத்துலயும் இல்ல. ஓட்டைன்னுதான் இருக்கு. வயித்துக்குள்ள இருக்கும்போதே."

மிஸ் வந்து மாத்திரையை நீட்டினார். துஷாந்தினி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விழுங்குவாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு வாயில் போட்டுக் கடித்தாள். வெடித்த ஈறில் புளிப்புப் பட்டதும் முகம் கோணியது, கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் முழுவதையும் மென்று விழுங்கினாள். வாயைத் திறந்து அண்ணிக்குக் காட்டினாள். இரத்தமும் வெள்ளையும் கலந்து கிடந்த நாக்கில் மாத்திரை இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை விழித்துப் பாலுக்கு அழுதது. துஷாந்தினி தூக்கி மடியில் போட்டாள். போட்டுவிட்டு, பால் கொடுக்காமல், இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். குழந்தை அவள் நெஞ்சில் முட்டி முட்டி அழுதது. நிஷாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கலாராணி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். குழந்தையின் அழுகை வாட்டு முழுக்கக் கேட்டது. அது மூச்சு வாங்கும் இடைவெளியில் துஷாந்தினி ரவிக்கையை விலக்கினாள்.

குழந்தை குடித்தது. அவள் அதன் முதுகில் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன, எண்ணுகிறாள் போல. கலாராணியும் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ரிப்போட்டில் என்ன வரும் என்று தெரியாது, நாளை காலை தலையணையில் சிவப்பு இருக்குமா இருக்காதா என்றும் தெரியாது.

குழந்தை முலையை விட்டுவிட்டுத் தும்மியது.

யாரும் அசையவில்லை. துஷாந்தினியின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இரத்தமும் வடிந்துபோனது. குழந்தை மறுபடி முலையைத் தேடியது. அவள் தடுக்கவில்லை.

"அண்ணி," என்றாள், கண்ணைக் குழந்தையிலிருந்து எடுக்காமல். "அத இன்னொருக்கா படிங்க. மெதுவா."

கலாராணி கோப்பைத் திறந்தாள். புகழேந்தி என்ற பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.